மிச்சக் கணக்கு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் மாவட்டக் கடற்கரையைச் சுனாமி தாக்கியது. வடக்கே தேவனாம்பட்டினம் முதல் தெற்கே பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை மீனவர் குப்பங்கள் சிதைந்தன. மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடல்களைத் தேடும் வேலை முடியும் முன்பே, 29ஆம் தேதி, பாதிக்கப்பட்ட ஊர்களில் தட்டம்மைத் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தை முதல் ஐந்து வயதுக் குழந்தை வரை எல்லோருக்கும் ஒரு ஊசி. நெருக்கமான முகாமில் தட்டம்மை நுழைந்தால் என்ன ஆகும் என்பது உலகெங்கும் அகதி முகாம்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

மறுநாளே, 30ஆம் தேதி, கடலூரிலிருந்து தகவல் வந்தது. குழந்தைகள் சிலருக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது.

அலைதான் கொண்டுவந்து சேர்த்தது என்று யாருக்கும் தோன்றும். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அப்படி முடிவுகட்டவில்லை. மனோஜ் முர்ஹேக்கர், குப்தே உள்ளிட்டோர் இருந்த குழு மாவட்டம் முழுவதும் கேட்டு விசாரித்தது. இது நம் ஊரில் சுலபமான வேலை அல்ல. மணல்வாரி என்னும் தட்டம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, ‘அம்மா வந்திருக்கா’ என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத வீடுகள் உண்டு. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் பாதிப் பேர் அதில் இருக்க மாட்டார்கள். தேடிக் கேட்டதில் 101 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 71 பேர் அலை தாக்கிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். மீதி 30 பேரின் ஊருக்குக் கடல்நீர் வரவே இல்லை. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டால் அலை தாக்கிய ஊர்களில் 1.3, தாக்காத ஊர்களில் 1.7. அலை தொடாத ஊர்களில்தான் சற்று அதிகம்!

தட்டம்மைக் கிருமி உடலுக்குள் போன நாளிலிருந்து தோலில் தடிப்பு தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். டிசம்பர் 30 அன்று தடிப்போடு நின்ற குழந்தைக்கு, அலை வருவதற்கு முன்பே கிருமி தொற்றியிருக்க வேண்டும். கிருமியின் மரபுக்கூறைப் பார்த்தபோது, தமிழ்நாட்டில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த டி8 வகைதான் அது என்று தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்ததல்ல. மாவட்டத்துக்குள்ளேயே ஓசையில்லாமல் உலவிக்கொண்டிருந்த நோயை, எல்லோரும் கடற்கரையை உற்றுப் பார்த்த வாரத்தில் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான்.

இதில் திகைக்க வைக்கும் விஷயம் வேறு. தமிழ்நாட்டில் அப்போது குழந்தைகளில் 100க்கு 95 பேருக்கு மேல் ஒரு தவணை தட்டம்மை ஊசி போட்டிருந்தார்கள். இந்தியாவின் பல மாநிலங்கள் பொறாமைப்பட்ட எண் அது. அப்புறம் எப்படி 101 பேர்?

ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி நூற்றுக்கு ஏறக்குறைய 85 குழந்தைகளிடம்தான் வேலை செய்யும். மருந்தில் குறை இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் இன்னும் குழந்தையின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அது தடுப்பூசியில் உள்ள பலவீனமாக்கப்பட்ட கிருமியையும் அழித்துவிடும். ஒரு வயது தாண்டிப் போட்டால் பலன் கூடும். ஆனால் அதுவரை காத்திருந்தால் அதற்குள் நோயே வந்துவிடும் ஆபத்து. நடுவில் ஒரு சமரசம்தான் ஒன்பது மாதம். ஆக, 95 பேருக்குப் போட்டால் பாதுகாப்பு கிடைப்பது 81 பேருக்கு. மீதி 19. இதில் ஐந்து பேர் ஊசி போடாதவர்கள். 14 பேர் போட்டும் பலிக்காதவர்கள். இந்தப் பதினான்கு பேரின் தாய்மார்கள் கையில் முறையாக நிரப்பிய தடுப்பூசி அட்டை இருக்கும்.

ஒரு வருடத்தில் பிறந்த நூறு பேரில் 19 என்பது சின்ன எண். மறு வருடமும் 19 பேர் சேருவார்கள். ஐந்து வருடத்தில் 95. அதாவது ஒரு முழு வருடத்துப் பிறப்புக்குச் சமமான குழந்தைகள், ஊசியே போடாதவர்களைப் போல, கிருமிக்குத் திறந்தபடி இருப்பார்கள். தட்டம்மையைப் போல வேகமாகத் தொற்றும் நோய் மிகக் குறைவு. எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். அதைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 92 முதல் 95 பேர் பாதுகாப்போடு இருக்க வேண்டும். ஒரே தவணையை நூறு பேருக்கும் விடாமல் போட்டாலும் 85தான் வரும். எவ்வளவு திறமையான மாவட்டமாக இருந்தாலும், எவ்வளவு ஓடி ஓடி உழைத்தாலும், ஒரு தவணையை வைத்துக்கொண்டு தட்டம்மையை நிறுத்த முடியாது.

இந்த மிச்சம் எங்கே போகிறது? வயது ஏற ஏறப் பள்ளிக்கூடம் போகிறது. சுனாமி பாதித்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 100க்கு 36 பேர் ஐந்து வயதைத் தாண்டியவர்கள். டிசம்பர் 29 அன்று போட்ட ஊசியின் வயது வரம்புக்கு வெளியே நின்றவர்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின் முடிவுரை சொன்னது இதுதான்: இரண்டாவது தவணைக்கு ஒரு வாய்ப்பு தேவை, இதுபோன்ற பேரிடர்களில் ஆறு மாதம் முதல் 14 வயது வரை போட வேண்டும். ஒரு வகுப்பறைக்குள் நாற்பது ஐம்பது பேராக நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வயது அது. கிருமிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. ஊசி போடவும் அதைவிட வசதியான இடம் இல்லை.

2010இல் இந்தியா இரண்டாவது தவணையைத் தொடங்கியபோது ஒரு வினோதம் நடந்தது. தடுப்பூசி விகிதம் குறைவாக இருந்த 14 மாநிலங்களில் ஒன்பது மாதம் முதல் பத்து வயது வரை எல்லோருக்கும் ஒரே வீச்சில் போட்டார்கள். தமிழ்நாடு போன்ற ‘நல்ல பிள்ளை’ மாநிலங்களுக்கு அது இல்லை. ஒன்றரை வயதையொட்டி வழக்கமான இரண்டாம் ஊசி மட்டும். அன்று ஐந்து, எட்டு, பத்து வயதில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. நன்றாகப் படித்த மாணவனுக்குச் சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று அனுப்பிவிட்ட மாதிரி. கடலூர்க் கணக்கு சொன்ன மிச்சம் அப்படியே நடுநிலைப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் நகர்ந்தது.

அதைத் தீர்க்க ஏழு வருடம் ஆனது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா முகாம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கியது. வயது வரம்பு ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை. தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடிக் குழந்தைகள். பத்தாம் வகுப்புப் பையனும் ஊசிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்றால் அவன் அம்மாவுக்குக் கேள்வி வரும். ‘சின்ன வயசுலயே எல்லாம் போட்டாச்சே, இப்ப எதுக்கு?’ மிக நியாயமான கேள்வி. மேலே போட்ட கணக்குதான் அதற்கான பதில். அந்தப் பதிலை யாராவது அந்த அம்மாவிடம் சொன்னார்களா என்பதுதான் என் ஆதங்கம்.

ருபெல்லாவுக்கு இன்னொரு பதிலும் உண்டு. குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும் நோய். கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்குக் காரணம் ருபெல்லா. ஊசி இருந்தும் ஏன் சும்மா இருந்தோம் என்று கேட்கத் தோன்றும். அரைகுறையாகப் போட்டால் ஆபத்து கூடும் என்பதே காரணம். கிரீஸ் நாட்டில் 1970களின் நடுவிலிருந்து ருபெல்லா ஊசி புழக்கத்தில் இருந்தது. ஆனால் பாதிக்கும் குறைவான குழந்தைகளே போட்டுக்கொண்டார்கள். சிறுவர்களிடையே நோயின் ஓட்டம் மட்டுப்பட்டது. அதனால் பெண்கள் பலர் சிறுவயதில் அந்த நோயைச் சந்திக்காமலேயே வளர்ந்தார்கள். 1993இல் நோய் பரவியபோது அவர்கள் கர்ப்பிணிகள். குறையோடு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது.

பிரிட்டன் வேறு வழியில் முயன்றது. 1970 முதல் 11–13 வயதுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் ருபெல்லா ஊசி. நாளைய தாய்மார்கள் அவர்கள்தானே என்ற எண்ணம். ஆனால் தம்பிகளும் தங்கைகளும் கிருமியைச் சுமந்துகொண்டே இருந்தார்கள். பள்ளியில் விடுபட்ட மாணவி பின்னாளில் கர்ப்பிணியாகி அவர்களிடமே நோயை வாங்கிக்கொண்டாள். 1988இல் அவர்களும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் முறைக்கு வந்தார்கள். 2017இல் நம் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளையும் சேர்த்து 15 வயது வரை ஒரே வீச்சில் போட்டதற்கு இந்த இரண்டு அனுபவங்களும் பின்னணி.

ஆனால் பிப்ரவரி 2017இல் தமிழ்நாட்டுப் பெற்றோரின் கைபேசிக்கு வந்தது கிரீஸின் கதை அல்ல. வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. ‘வெளிநாட்டுக்காரன் சோதனை பண்றான்’, ‘பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க’. காலத்தையும் பார்க்க வேண்டும். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முகாம் தொடங்கியது பிப்ரவரி 6. மறுநாள் இரவு முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் தியானத்தில் உட்கார்ந்தார். மாநில அரசு யார் கையில் என்பதே தெரியாத வாரம். மத்திய அரசின் திட்டம், வெளிநாட்டு நிதி என்ற சொற்களே சந்தேகத்தைக் கிளப்பும் மனநிலை. அப்போது சுகாதாரச் செயலாளராக வதந்திகளுக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன், சுனாமிக்குப் பிறகு பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆட்சியராக இருந்தவர். பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

வாட்ஸ்அப்பைத் திட்டிவிட்டு நகர்வது சுலபம். 1955இல் வாட்ஸ்அப் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போடும் இயக்கம் அப்போது நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்துப் பேசியும் எழுதியும் சிறுநூல் வெளியிட்டும் வந்தவர் ராஜாஜி. முந்தைய ஆண்டுவரை சென்னையின் முதலமைச்சர்! படிக்காதவர்கள்தான் ஊசிக்குப் பயப்படுவார்கள் என்ற நினைப்பை அந்த ஒரு பெயர் உடைத்துவிடும். அவருடைய மருத்துவ வாதங்களை நான் ஏற்கவில்லை. ஆனால் நலமாக இருக்கும் குழந்தையின் உடலில் அரசு ஊசி போடுகிறது என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும் என்பதை மறுக்க முடியாது. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளிகளில் தட்டம்மை–ருபெல்லா ஊசி போடுவதை நிறுத்திவைத்தது.

சரி, பள்ளியில் ஊசி நாள் எப்படி இருக்கும்? ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஐஸ் பொதிகளோடு மருந்துப் பெட்டி வரும். குப்பியின் மேல் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சூடு பட்டால் அது நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். தட்டம்மை–ருபெல்லா மருந்து பொடியாக வருவது. அதில் நீர்மம் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இருபது வீடு ஏறி இறங்கி இரண்டு குழந்தைகளைக் கண்டுபிடிக்கும் செவிலியருக்குப் பத்துப் பேருக்கான குப்பியை உடைப்பது தயக்கமான காரியம். வகுப்பறையில் அந்தத் தயக்கம் இல்லை. ஊசிக்குழல் ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் வகை. இன்னொருவருக்குப் போடவே முடியாது. 2017 முகாமில் போட்டவர்களின் இடது கட்டைவிரலில் தேர்தல் போல மை வைத்தார்கள்.

பதின்வயதினருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: மயக்கம். நர்ஸ் முதலில் கேட்கும் கேள்வி, ‘காலையில சாப்ட்டியா?’ வெறும் வயிறு, வெயிலில் வரிசை, முன்னால் நிற்பவளின் முகச் சுளிப்பு எல்லாம் சேர்ந்து ஒருத்தி சரிவாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரவைப்பதும், ஊசி போடும் அறையை வரிசையின் கண்ணில் படாமல் வைப்பதும் இதற்காகத்தான். 1998இல் ஜோர்டானில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளியில் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான டிடி ஊசி போட்டபோது எண்ணூறுக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்பினார்கள். 122 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆராய்ந்தபோது பெரும்பாலோருக்கு மருந்தால் எதுவும் ஆகவில்லை. நடிப்பு என்று இதைச் சொல்வது தவறு. பயத்தில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் உண்மையிலேயே மாறுகின்றன. உடம்பு உண்மையிலேயே சரிகிறது. பக்கத்தில் ஒரு தொலைக்காட்சிக் கேமரா இருந்தால் ஒன்று பத்தாகும்.

அந்த டிடி ஊசிதான் இன்று நம் பள்ளிகளில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுவது. முன்பு ரணஜன்னிக்கான ஊசி மட்டும் இருந்தது, இப்போது தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சிறிதளவு அதில் சேர்ந்திருக்கிறது. குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் பலம் வருடங்கள் போகப் போகக் கரையும். 2016இல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்தபோது பதின்வயதினரும் அதில் சிக்கினார்கள். தட்டம்மையில் மிச்சம் என்பது ஊசி பலிக்காதவர்கள். இங்கே பலித்துப் பின் தேய்ந்தவர்கள். இரண்டு மிச்சமும் சேரும் இடம் அதே பெஞ்சுதான்.

அடுத்து வருவது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி ஊசி. கிருமி தொற்றும் வாய்ப்பு வருவதற்கு முன்பே போட்டாக வேண்டும் என்பதால் இதற்கு ஏற்ற வயது 9 முதல் 14. இந்தியாவில் இதன் தொடக்கமே கசப்பானது. 2009–10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு செயல்விளக்கத் திட்டம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற காரணங்கள் தெரியவந்தன. ஊசியோடு தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் கம்மத்தில் விடுதி மாணவிகளுக்காக வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது அம்பலமானது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகச் சாடியது. நியாயமான சாடல், மருந்து பாதுகாப்பானது என்பது சம்மதத்துக்கு மாற்று ஆகாது.

அந்தக் கொந்தளிப்பில் இந்தியாவின் எல்லா எச்பிவி ஆய்வுகளையும் 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று ஒப்பிட மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில் நடந்துகொண்டிருந்த பெரிய ஆய்வும் நின்றது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையமும் அதன் களங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். யாரும் திட்டமிட்டிருக்க முடியாத ஒரு சோதனை அது. அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட முடிவு: ஆபத்தான 16, 18 வகைக் கிருமிகள் உடலில் நிலைத்துத் தங்குவதை ஒரே தவணை 100க்கு 95 அளவுக்குத் தடுக்கிறது. இதையும் ஆப்பிரிக்க ஆய்வுகளையும் வைத்து 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையே போதும் என்று ஏற்றது.

ஒரு தவணை என்பது செலவு மிச்சம் மட்டுமல்ல. முதல் ஊசிக்கு வந்த மாணவி ஆறு மாதம் கழித்து இரண்டாவதுக்கும் பள்ளியில் இருப்பாள் என்று எந்தத் தலைமையாசிரியரும் சத்தியம் செய்ய மாட்டார். சிக்கிம் 2018இல் பள்ளிகள் வழியாகவே தன் சிறுமிகளில் 97 சதவீதத்தை எட்டிக் காட்டியது. தமிழ்நாடு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் படிப்படியாகப் போடுவதாக அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

கடலூர் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் பள்ளிக்கு வராதவர்கள் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கிறது. சிதம்பரம் நகரத்துப் பெரிய பள்ளியில் ஒரு காலையில் வேலை முடிந்துவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போன பெண், பத்தாம் வகுப்போடு நின்று படகேறிய பையன், சூளை வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிப்போன பிள்ளைகள் அந்த வரிசையில் இல்லை. 16 வயது டிடி ஊசி, படிப்பு நிற்கும் வயதிலேயே வருகிறது. எச்பிவியில் விடுபடும் சிறுமி முப்பது வயதில் பரிசோதனைக்கு வரும் வாய்ப்பும் குறைவு. ஊசி நாளின் மாலையில் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று இருக்கும் பெயர்களையும், அந்த வருடம் பதிவேட்டிலிருந்தே நீக்கிய பெயர்களையும் தலைமையாசிரியர் எழுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் கையில் கொடுத்தால், மறுவாரம் அவர் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.